ரெங்கம்மாவின் பட்டன் கத்தி

ரெங்கம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். இடது கையை மணிக்கட்டோடு மெசினுக்குக் கொடுத்துவிட்டுச் சிரித்த முகமாக இரு என்றால் எவள்தான் இருப்பாள்? இருக்கிறவளைக் காட்டுங்கள், காலில் விழுந்து கும்பிடுகிறேன்.

அது அறுபத்தாறாம் ஆண்டு. பெக்டரியில் சிந்திய கொழுந்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டிருந்த மெசின் வார் அவள் முந்தானையைக் கவ்வியது. முந்தானையை இழுக்கப் போன கை திரும்பி வரவில்லை. அந்த வாருக்குக் கம்பித் தடுப்பு போடச் சொல்லி ஆட்கள் அதற்கு முன்பே தொண்டை வறளக் கேட்டிருந்தார்கள். அவள் கை போன மறு வாரமே போட்டார்கள். பதுளை ஆசுபத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்து பார்த்தபோது, புதுக் கம்பித் தடுப்பு பளபளவென்று நின்றது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதல் முதலாக வயிறு எரிந்தது.

தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர் போடுவார்கள். முழு வேலைக்கு முழுப்பேர். கிழடு தட்டியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அரைப்பேர், பாதிச் சம்பளம். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளை மடுவத்து வாசலை ரெங்கம்மாவைக் கூட்டச் சொல்லி அரைப்பேர் போட்டார் கணக்கப்பிள்ளை. ஆட்களுக்கு வேலை பிரித்துப் பேர் போடுகிற அதிகாரம் அவர் கையில் இருந்தது. அந்த மலையில் அவருக்கு மேலே துரை ஒருவர்தான். காலைப் பெரட்டில், அத்தனை ஆட்களும் வரிசையில் நிற்கும்போது, ரெங்கம்மா அவரிடம் கேட்டாள்.

"கைதான் போச்சுங்க, வயிறு முழுசா இருக்கு. அரைப்பேரு போட்டா மிச்ச வயித்துக்கு நான் யாருகிட்ட போறது?"

பெரட்டுக் களமே சிரித்துவிட்டது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. அவர் அந்தச் சிரிப்பை மடித்து மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

அரைப்பேரில் கிடந்து சாவதில்லை என்று முடிவு கட்டிய ரெங்கம்மா, தேயிலைக் கன்று மேடைக்குப் போய் நின்றாள். அந்தக் காலத்தில்தான் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தேயிலை நடுகிற வேலை மும்முரமாக நடந்தது. தாய்ச்செடியின் கிளையை எடுத்து, ஓர் இலையும் அதன் அடியில் கொஞ்சம் தண்டும் இருக்கும்படி சரிவாக வெட்டி, வாளித் தண்ணீரில் போட வேண்டும். பிறகு அதை மண் பைகளில் ஊன்றி நிழல் பந்தலின் கீழ் வைப்பார்கள். மேடைக் கங்காணி இராசையா நல்ல மனிதர். வாய் மட்டும் இல்லாதவர். வெட்டிக் காட்டினால் முழுப்பேருக்குச் சொல்கிறேன் என்றார்.

வெட்டுவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கிளையை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் சீவிவிடுவாள். ஆனால் வெட்டிய துண்டை எடுத்து வாளியில் போடவும், கிளையை முன்னால் இழுக்கவும் அதே கைதானே வேண்டும்? கத்தியை எங்கே வைப்பது? வாயில் கவ்வினாள், உதடு கிழிந்தது. தரையில் வைத்தாள், மண் ஒட்டிய கத்தியால் வெட்டிய கன்று அழுகியது. இடுப்பில் செருகினாள், தொடையில் இறங்கியது. மடக்குக் கத்தியைப் பல்லால் இழுத்துத் திறக்கப் போய் முன்பல்லில் பாதி போனது. பல் போன அன்று அவள் திட்டிய திட்டில் பக்கத்து மேடையில் வெட்டிக்கொண்டிருந்த பெரியாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

பதுளைக் கடைவீதியில் மொஹிதீன் நானாவின் கடையில் பூட்டு, அரிக்கன் லாம்பு, கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் கிடைக்கும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கறுப்புக் கத்தி கிடந்தது. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியதாம். பட்டன் கத்தி என்று சொன்னாலும் அது அழுத்துகிற பட்டன் இல்லை. கைப்பிடியின் பக்கவாட்டில் சின்னதாய், வரி வரியாய் ஒரு கட்டை. பெருவிரலால் முன்னே தள்ளினால் சடக்கென்று கத்தி வெளியே வரும். பின்னே இழுத்தால் உள்ளே போய்விடும். ஒரு கை போதும். ரெங்கம்மா அதைக் கேட்டதும் நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சண்டியன்மார் பாவிக்கிற சாமான், தங்கச்சி. பொம்பளையளுக்கு என்னத்துக்கு?"

அவள் முந்தானையை விலக்கி, கை முடிந்துபோன இடத்தைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்தாள். "இந்தக் கைக்கு."

நானா கத்தியை வெளியே எடுத்தார். அதற்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தள்ளிப் பார்த்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் படியிறங்கும்வரை தலை நிமிரவில்லை.

அடுத்த வாரமே முழுப்பேர். தள்ளுவாள், வெட்டுவாள், இழுப்பாள்; கத்தியை உள்ளங்கையில் மடக்கி வைத்துக்கொண்டே துண்டை விரல் நுனியால் எடுத்து வாளியில் போடுவாள்; மறுபடி தள்ளுவாள். அந்தச் சடக் சடக் சத்தம் மேடையில் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல் மழைக்காலம் முடிவதற்குள் அந்தக் கட்டையில் வரி முனைகளின் கறுப்புப் பூச்சு போய்விட்டது. பிறகு முன்னே தள்ளுகிற சரிவில் போனது, பின்னே இழுக்கிற சரிவில் போனது. நடுவில் நகக்கீற்றளவு கறுப்பு கொஞ்ச காலம் பிடிவாதமாக நின்று, அதுவும் போனது. அடியில் இருந்தது பித்தளை. வரிகளின் பள்ளத்தில் மட்டும் தேயிலைக் கறை புகுந்து பழுப்பாக உறைந்திருந்தது. கத்தியின் மற்ற இடமெல்லாம் கடையில் வாங்கினது போலக் கறுப்பாகவே இருக்க, அந்த ஓர் இடம் மட்டும் மினுமினுத்தது. அவள் பெருவிரலிலும் அதற்குச் சோடியாக ஒரு காய்ப்பு. பெரியாயி அதைப் பார்த்து, ஒரு நாள் உன் விரல் அந்தப் பித்தளையையும் தின்றுவிடும் என்று கேலி செய்வாள். ரெங்கம்மாவுக்கு அந்தக் கேலி பிடிக்கும். மேல்மலையில் புதுத் தேயிலை பச்சைப் பசேலென்று நிற்பதைக் காட்டி, அங்கே கிடக்கிறது இந்தக் கறுப்பெல்லாம் என்பாள்.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, புதுத் துரை வந்திருந்த நேரம். ஒரு சம்பள நாள் சாயந்தரம் சாராயக் கடையில் அடிதடி. கணக்கப்பிள்ளையின் மச்சினனுக்கு முன்கையில் நீளமாக ஒரு வெட்டு. யார் வெட்டியது என்று அவனுக்கே தெரியவில்லை, அவ்வளவு போதை. கணக்கப்பிள்ளைக்கோ தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மறுநாள் பெரட்டில் நின்று, பட்டன் கத்தி வைத்திருக்கிறவர்கள் நாளைக் காலை ஆபிசுக்கு வந்து துரையிடம் காட்ட வேண்டும் என்றார். பட்டன் தேய்ந்த கத்தி என்றால் பலபேர் மேல் நீட்டிய கத்தி, அதைப் பார்த்தாலே சண்டியனைப் பிடித்துவிடலாம் என்றும் சொன்னார். தோட்டத்தில் பட்டன் கத்தி இருந்தது ஒரே ஒருத்தியிடம். ஆட்கள் குடியிருக்கிற லயத்தில், ஒவ்வொரு காம்பராவிலும் தேயிலைச் செடி கழிக்கிற கவ்வாத்துக் கத்தி கை நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

ரெங்கம்மா அசரவில்லை. தேய்ந்திருக்கிறதைத் துரை பார்க்கட்டும், கறையைப் பார்க்கட்டும், வேலை செய்த கத்தி என்று யாருக்கும் விளங்கும் என்று வீட்டில் சொன்னாள். அவள் புருசன் வீரய்யா பெக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவன். நல்லவன்தான். ஆனால் அதிகாரம் இருமினாலே இவன் முதுகு வளைந்துவிடும். அடிதடி நடந்த அன்று அவனும் அந்தக் கடைப் பக்கம் போயிருந்தான். தேய்ந்த பட்டன், நீட்டிய கத்தி என்ற பேச்சு அவன் தலைக்குள் புகுந்து குடைந்தது. ரெங்கம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது அந்தப் புண்ணியவான் ஒரு காரியம் செய்தான். தேயிலைப் பெட்டியில் நம்பர் எழுதுகிற கறுப்பு மையைக் கொஞ்சம் கொண்டுவந்து, பித்தளை தெரியாமல் பூசிவிட்டான். விடியக்காலையில் கத்தியைத் துணியில் சுற்றி அவனே அவள் கையில் கொடுத்தான். அக்கறை என்று நினைத்து அவள் பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஆபிசில் துரை, கணக்கப்பிள்ளை, சாட்சிக்கென்று கூப்பிட்ட இராசையா. துரை கத்தியைத் திறந்து காட்டச் சொன்னார். ரெங்கம்மா துணியைப் பிரித்துப் பெருவிரலை வைத்தாள். விரல் ஒட்டியது. அந்த மூடுபனியில் மை எங்கே காயும்? தள்ளினாள்; கட்டை நகரவில்லை. மறுபடி தள்ளியதும் கத்தி பாதி வந்து திக்கி நின்றது. விரலைத் தூக்கினாள். காய்ப்பெல்லாம் கறுப்பு.

"பாத்தீங்களா தொரை," என்றார் கணக்கப்பிள்ளை. "ராத்திரியோட ராத்திரியா தேஞ்சத மறைச்சிருக்கா. மடியில கனம் இல்லாதவ எதுக்கு மறைக்கணும்?"

யார் பூசியது என்று துரை கேட்டார். அந்த மையின் வாடை அவளுக்குத் தெரியும். தினம் சாயந்தரம் அவள் புருசன் சட்டையில் வீட்டுக்கு வருகிற வாடை அது. உள்ளே குபீரென்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் பேரைச் சொன்னால்? அன்றைக்குக் கடைப் பக்கம் போனவன், கத்தியை மறைத்தவன், இரண்டையும் முடிச்சுப் போட்டு அவனைப் பொலிசில் கொடுக்கக் கணக்கப்பிள்ளைக்கு எத்தனை நேரம் பிடிக்கும்? பெரட்டுக் களத்தையே கேள்வி கேட்ட வாய் அன்றைக்குப் பொய் சொல்லிற்று.

"நாந்தான் பூசுனேன்."

ஏன் என்றதற்குத் துருப் பிடிக்காமலிருக்க என்றாள். பித்தளைக்கு ஏது துரு? துரை நம்பவில்லை. அவள் இத்தனை வருசம் அந்தக் கத்தியால்தான் கன்று வெட்டினாள் என்று சொல்ல வேண்டிய இராசையா, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியை ஆபிசில் வைத்துக்கொண்டார்கள். கத்தி இல்லாதவளுக்குக் கன்று மேடையில் என்ன வேலை? பழையபடி விளக்குமாறு, பழையபடி அரைப்பேர்.

அன்று சாயந்தரம் வீரய்யா வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் இல்லை. லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது. ஆனால் மையைப் பற்றிப் பேசும்போது மட்டும், கோபத்திலும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒனக்காகத்தானே செஞ்சேன்," என்றான் அவன்.

"எனக்காகவா? எட்டு வருசம் நான் ஒழைச்ச ஒழைப்பு அதுல இருந்திச்சு. அத நீ திருட்டுச் சாமான் மாதிரி மூடிட்டே. அந்தாளு சொன்னா நீயும் நம்பிட்டியா?"

அதற்குப் பிறகு அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், பேச மாட்டாள்.

லயத்துத் தலைவர் ஒரு வழி சொன்னார். மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, துருவுக்காக நான்தான் பூசினேன், மறைத்தது ஒன்றுமில்லை என்று கையால் அடித்து அணைத்துவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்றார். அம்மன் முன்னால் நான்தான் பூசினேன் என்று எப்படிப் பொய் சொல்வது? உண்மையைத்தான் எப்படிச் சொல்வது? இதை யாரிடமும் சொல்ல முடியாத ஆத்திரத்தில் அவள் வேறு பதில் சொன்னாள்.

"ஒரு கைய மெசினுக்குக் குடுத்தேன். மிச்சமிருக்கிற கைய சூடத்துக்குக் குடுக்கணுமா? போங்கய்யா."

சூடம் அடிக்க மாட்டேன் என்றவள் எங்கள் பக்கத்தில் பாதிக் குற்றவாளி. பீலியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள். அவள் முழுப்பேரில் இருந்த காலத்தில் கூடவே வெட்டி, கூடவே தேநீர் குடித்த பெண்கள்! பெரியாயி ஒருத்திதான் குடத்தைத் தூக்கிவிட்டாள்.

சில மாதம் கழித்துக் கணக்கப்பிள்ளையின் மச்சினன், வேறொரு சாராயப் பொழுதில், தன் வாயாலேயே உளறிவிட்டான். அன்றைக்கு யாரும் அவனை வெட்டவில்லையாம். தடுமாறி விழுந்தபோது உடைந்த போத்தல் கிழித்ததாம். தோட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். கத்தி மட்டும் வரவில்லை. அரைப்பேர் முழுப்பேராகவில்லை. கேட்டால், அது ஆபிசில் இருக்கிறது, துரை சொல்லட்டும் பார்க்கலாம். துரையைக் கேட்டால், கணக்கப்பிள்ளை சொல்லட்டும் பார்க்கலாம். ரெங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் கூட்டினாள். உடைந்த பல்லோடு கடிப்பதும் லேசில்லை.

ஒரு காலைப் பெரட்டு. கொழுந்துப் பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குகள் புதிதாக வந்து, சிப்பம் சிப்பமாகக் கிடந்தன. பனிக்குள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை சிப்பத்தின் கயிற்றை அறுக்கக் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். இடது கையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, வலது கைப் பெருவிரலால் கட்டையை முன்னே நெம்பினார். நாக்கு நுனி வெளியே துருத்தியது. சடக்.

அந்தச் சத்தம் ரெங்கம்மாவுக்குத் தெரியாதா? கட்டையின் முன் உதட்டில் மட்டும் மை உரிந்து, பித்தளை பல் இளித்தது. அவளுடைய கத்தியேதான். ஆபிசில் பத்திரமாக இருப்பதாகச் சொன்னது இவருடைய பையில் குடியிருந்திருக்கிறது.

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வரிசையிலிருந்து நடந்து வந்தாள். அவருக்கு எதிரில் நின்று வலது கையை நீட்டினாள். அன்று கத்தவில்லை. கத்தாததுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

"ரெண்டு கை இருக்கிற ஆளுக்கு இந்தக் கத்தி எதுக்குங்க?"

கணக்கப்பிள்ளை, இது ஆபிஸ் சாமான், போய் வேலையைப் பார் என்றார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஒங்க எடது கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, இந்தச் சிப்பத்த அவுத்துக் காட்டுங்க. காட்டிட்டா கத்திய நீங்களே வச்சுக்கங்க. நான் சாகிற வரைக்கும் அரைப்பேருலயே கூட்டுறேன்."

வரிசையிலிருந்து பெரியாயி மட்டும், காட்டுங்க ஐயா, நாங்களும் பாக்குறோம் என்றாள். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை நெடுகப் போயிற்று. ஒன்பது வருசத்துக்கு முன்னால் அவர் மடித்து வைத்த அதே சிரிப்பு. அப்போதுதான் இராசையா, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆபிசில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்.

"அது கன்னு வெட்டுற கத்திங்க. அவ வெட்டித் தேஞ்சதுதான். மேடைக்கு ஆள் பத்தல, முழுப்பேரு போட்டு அனுப்புங்க."

கணக்கப்பிள்ளை கத்தியை அவள் கையில் கொடுக்கவில்லை, சிப்பத்தின் மேல் போட்டார். ரெங்கம்மா குனிந்து எடுத்து, பெருவிரலால் பின்னே இழுத்து மூடி, இடுப்பில் செருகிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் கன்று மேடைக்கு ஏறினாள்.

அன்று சாயந்தரம் வீரய்யா மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு வாசலில் காத்திருந்தான். மிச்ச மையைத் துடைத்துத் தருகிறேன் என்றான். மாதக்கணக்கில் பேசாதிருந்தவள் அன்றைக்கு வாயைத் திறந்தாள். தொட்டால் நடக்கிறதே வேறு, இது துணியால் போகக்கூடாது, நான் தேய்த்துத்தான் போக வேண்டும் என்றாள். வீம்பு என்று நினைப்பீர்கள். வீம்புதான். அந்தக் கைக்கு அவ்வளவு வீம்பாவது மிஞ்ச வேண்டாமா?

மறுபடி தள்ளினாள், வெட்டினாள், இழுத்தாள். மழைக்காலங்கள் போயின. கணக்கப்பிள்ளை அப்புத்தளைப் பக்கம் மாறிப் போனார். புதிதாக வந்தவருக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் பயம். முழுப்பேர் தானாக விழுந்தது. எண்பத்திரண்டு வாக்கில் நடுவிலிருந்த கடைசிக் கறுப்பும் உதிர்ந்து, கட்டை முழுதும் பித்தளையாக வெளுத்தது. வரிப் பள்ளத்தில் மறுபடி தேயிலைக் கறை.

அது உதிர்ந்த அன்று வேலை விட்டு வந்தவள், அடுப்படியில் குந்தியிருந்த வீரய்யாவின் மடியில் கத்தியைப் போட்டாள். அவன் மை பூசிய நாளுக்குப் பிறகு அதைத் தொட்டதே இல்லை. எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். தேய்ந்த இடத்தில் பெருவிரலை வைத்துத் தள்ளினான், முடியவில்லை. பிடித்துக்கொள்ள இடது கையைக் கொண்டுபோனான்.

ரெங்கம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒத்தக் கையால தொற," என்றாள்.